பெரிய வெள்ளியில் திறந்த கடை

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கடையில் வேலை செய்யும் தனபால், ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பியவன், என் நெற்றியைப் பார்த்தான். "அண்ணி, அதத் தொடச்சிட்டு உட்காருங்க. வர்றவங்க ஒரு மாதிரி பாப்பாங்க" என்றான். துடைக்கவில்லை. மதியத்துக்குள் வியர்வையில் தானாகவே போய்விட்டது.

இந்தத் தவக்காலத்தில் ஆத்தும சோதனை செய்து எழுதி வையுங்கள் என்று கிளமெண்ட் சாமி பிரசங்கத்தில் சொன்னார். அதற்காகத்தான் இது. எப்படி எழுதுவது என்று தெரியாததால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அமலோர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல், அதுவும் பாதி விளங்காது. காரைக்காலில் அவர் நடத்திவந்த ஒயின் ஷாப்பில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் கடைக்குள் நான் போனதே இல்லை. அவர் விட்டதில்லை. "உனக்கு எதுக்கு அதெல்லாம்" என்பார். அவர் குடித்து நான் பார்த்ததும் இல்லை. தினமும் குளித்து, ஜெபம் சொல்லி, பாங்கிக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்புவார்.

அவர் எழுந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவேன்.

பிப்ரவரி 20

வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போக முடியவில்லை. கடையில் கூட்டம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மறைக்கல்வி வகுப்பு. இந்த வருடமும் புதுநன்மைக்கு, முதல் நற்கருணைக்கு, தயாராகும் பிள்ளைகள் என்னிடம்தான். பத்துக் கட்டளைகள் நடத்தினேன். கொலை செய்யாதே என்ற ஐந்தாவது கட்டளைக்குப் புத்தகத்தில், தன் உடலைக் கெடுத்துக்கொள்வதும் இதில் அடங்கும் என்று போட்டிருக்கிறது. உதாரணத்துக்குப் புகை, மது என்று அச்சில் இருக்கிறது. போன வருடமெல்லாம் அந்த வரியை உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை. டெல்பின் மட்டும், "டீச்சர், ஒரு பத்தி விட்டுட்டீங்க" என்றாள். தச்சுவேலை செய்யும் பிலவேந்திரனின் மகள் அவள். நம் கோயிலில் சாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டி அவள் அப்பா செய்ததுதான்.

பிலவேந்திரன் தினமும் காலையில் கடைக்கு வருகிறார். அதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 24

அலமாரிகளை மாற்றி அடுக்கினோம். இவர், என் வீட்டுக்காரர், விலைப்படி வைத்திருந்தார். நான் எது அடிக்கடி கேட்கிறார்களோ அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொன்னேன். தனபால் முனகிக்கொண்டே செய்தான். சாயங்காலம் கூட்டம் சீக்கிரம் நகர்ந்தது. "அண்ணே இத்தன வருசமா இது தோணலையே" என்றான்.

வேறு இரண்டு கடை வைத்திருக்கும் வைத்திலிங்கம் வந்தார். லைசென்ஸை மாற்றிக் கொடுப்பதானால் சொல்லுங்கள், வீட்டுப் பெண்கள் உட்காருகிற இடமா இது என்றார். நியாயமாகத்தான் பேசினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனிதர் பேசும்போது பல்லைக் குத்திக்கொண்டே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 28

பாவசங்கீர்த்தனம் செய்தேன். மற்றதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "சாமி, நான் சாராயம் விற்கிறேன். அது பாவமா?" என்றேன்.

கிளமெண்ட் சாமி வயதில் சின்னவர். என் தம்பி வயது இருக்கும். கம்பி வலைக்குக் கிட்டே குனிந்துகொண்டார். பிறகு, "திராட்சை இரசமோ மதுவோ அதுவா பாவமில்லம்மா. கானாவூர்க் கல்யாணத்துல ஆண்டவரே கொடுத்திருக்காரு. பூசைப் பாத்திரத்துலயும் அதுதான் இருக்கு. அளவு மீறிக் குடிக்கிறது பாவம். ஒருத்தன் வெறியாவான்னு தெரிஞ்சே அவனுக்குக் கொடுத்தா, அந்தப் பாவத்துல கொடுத்தவங்களுக்கும் பங்கு இருக்கு" என்றார்.

"தெரியும்னா எப்படிச் சாமி தெரியும்?"

"பாத்தா தெரியுமேம்மா."

"கல்யாண வீட்டுக்கு வாங்குறவரும் அதே பாட்டிலத்தான் வாங்குறாரு சாமி."

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "மனசாட்சிப்படி நடங்க" என்று சொல்லி, அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். என் மனசாட்சி என்ன சொல்கிறது என்று அவரிடமே கேட்டிருக்கலாம்.

மார்ச் 3

ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டு வந்த ஒருவருக்கு இல்லையென்று சொல்லச் சொன்னேன். தனபால் சொன்னான். அந்த ஆள் என்னைப் பார்த்து, "ஒயின் ஷாப்புல ஒயின் இல்லையாம்" என்று சிரித்துவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்ச் சாரியில் இருக்கும் கடைக்குப் போனார். போகும்போது ஒரு லாரி கிட்டத்தில் வந்து பிரேக் போட்டது. அடிபடவில்லை. அடிபட்டிருந்தால் அது யார் கணக்கில் சேரும் என்று சாயங்காலம் வரை அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபிறகு டெல்பினின் அம்மா ஜெசிந்தா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்று பேசினாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. எம் பொண்ணுக்குக் காலையில ஞானோபதேசம் சொல்லித் தர்றீங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காலையில பாட்டில் தர்றீங்க. ரெண்டும் ஒரே கை. நான் எதை எடுத்துக்குறது?"

கையிலிருந்த மறைக்கல்விப் புத்தகத்தை மூடினேன்.

"அவருக்கு மட்டும் கொடுக்காதீங்க. வேற யாருக்கு வேணா கொடுங்க. நான் கேக்க மாட்டேன்."

"கொடுக்க மாட்டேன் ஜெசிந்தா" என்றேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கூட அப்படி லேசாகவில்லை.

மார்ச் 9

பிலவேந்திரன் வழக்கம் போல் கடை திறந்ததும் வந்தார். தனபாலை நகரச் சொல்லி நானே எழுந்து நின்றேன். "அண்ணே, உங்களுக்கு இல்லைங்க. வீட்டுல சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அமலோர் அண்ணன் இருந்தா தருவாரே" என்றார். "வேலைக்குப் போகணுங்க. கொஞ்சம் போதும்." கவுண்டரில் வைத்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மறுபடியும் இல்லை என்றேன். சரியென்று போய்விட்டார்.

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று எழுதலாமா?

மார்ச் 10

சாப்பாடு ஊட்டும்போது இவரிடம் பிலவேந்திரனைப் பற்றிச் சொன்னேன். இவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிவந்து, "காலை... காலை..." என்றார். காலில் வலி போல. எண்ணெய் தேய்த்து வெகுநேரம் காலைப் பிடித்துவிட்டேன். "காலை" என்று சொல்லிக்கொண்டே அழுதார். இந்த நோய் வந்தபிறகு எதற்கெடுத்தாலும் அழுகைதான். டாக்டரிடம் அதற்கும் ஒரு மருந்து எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

மார்ச் 16

பிலவேந்திரன் இப்போது எதிர்க் கடைக்குப் போகிறார். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது. வாங்கிக்கொண்டு வரும்போது இந்தப் பக்கம் திரும்பமாட்டார். நான் கொடுக்காததால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் கொடுக்கவில்லை. இரண்டும் உண்மைதான். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

வகுப்புக்குப் பிறகு சாமி கூப்பிட்டனுப்பினார். சில பெற்றோர் பேசிக்கொள்கிறார்களாம், ஒயின் ஷாப்பில் உட்காருகிறவர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா என்று. கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் லூயிஸ் பக்கத்தில் இருந்தார்.

"இருபது வருசமா அந்தக் கடைக்காரர் பொண்டாட்டிதான் சொல்லித் தந்தா. அப்ப யாரும் கேக்கலையே" என்றேன்.

"அப்ப நீங்க வீட்டுல இருந்தீங்க" என்றார் லூயிஸ்.

கோயிலுக்கு முன்னால் இருக்கும் மாதா கெபிக்குத் தரை போட்டது இந்தக் கடைக் காசில்தானே என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. சாமி லூயிஸையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், "புதுநன்மை வரைக்கும் இவங்களே நடத்தட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரைத் துடைத்து, துணி மாற்றி, சாப்பிட்டுப் படுத்தேன். நாளைக்கு பீர் லோடு வருகிறது, இடம் ஒழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கோபம் போய்விட்டிருந்தது.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

குருத்தோலைப் பவனியில் பிலவேந்திரன் டெல்பினின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பூசை முடிந்ததும் நானே போய்ப் பேசினேன். "அண்ணே, டெல்பின் புதுநன்மை வாங்கும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். நல்லா நிக்கணும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா என் கையை அழுத்தினாள்.

மார்ச் 31

ஒப்புரவு வழிபாடு. பாவசங்கீர்த்தனம் முடிந்து எல்லோரும் முட்டி போட்டிருந்தபோது பிலவேந்திரன் எழுந்து பீடத்துக்கு முன்னால் போனார். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். ஜெசிந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

வெளியில் வந்ததும் ஜெசிந்தா எல்லோரிடமும், "டீச்சர்தான் முதல்ல நிறுத்துனாங்க" என்றாள். லூயிஸ் கூட என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆத்தும சோதனை: பெருமை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்குக்குச் சாமி தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் பிலவேந்திரனும் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சாமி முட்டி போட்டு அவர் காலைத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பிலவேந்திரனின் கால் நடுங்கியது. தாம்பாளமே தடதடவென்று ஆடித் தண்ணீர் பீடத்துப் படியில் வழிந்தது. சாமி அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முத்தமிட்டார். பாட்டுக்குழுவில் பாதிப் பேருக்குப் பாட்டு வரவில்லை. எனக்கும்தான். இப்படி ஒரு மனந்திரும்புதலை நான் பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். பிலவேந்திரனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

நாளைக்குக் கடை மூடல் என்று தனபாலிடம் சொல்லிவிட்டேன். லீவு நாளில் வெளியூர் ஆட்கள் வருவார்கள் அண்ணி என்றான். வரட்டும் என்றேன்.

ஏப்ரல் 4

நேற்று எழுதவில்லை. இன்றும் எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் எங்கே வைப்பது?

பெரிய வெள்ளி மதியம் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். இவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். ஜெசிந்தா. தலைமுடி அவிழ்ந்து, காலில் செருப்பில்லை.

"டீச்சர், கடைச் சாவி இருக்கா?"

எனக்கு விளங்கவில்லை.

"ராத்திரியிலேர்ந்து தூங்கல. செவுத்துல எறும்பு ஊருதுன்னு நகத்தால சுரண்டிக்கிட்டே இருக்காரு. விரலெல்லாம் ரத்தம். என்னை யாருன்னு கேக்குறாரு. டெல்பினைப் பக்கத்துல விடல. ஒரு குவாட்டர் கொடுங்க டீச்சர். உள்ள போனா அடங்கிடும்னு மாமியார் சொல்றாங்க."

நீதானே கொடுக்காதே என்றாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நிஜம். சொல்லவில்லை. இவரிடம் இதோ வருகிறேன் என்றேன். இவர் என்னவோ சொல்ல வந்தார். நிற்கவில்லை.

கடைத் தெருவில் ஈ காக்கை இல்லை. ஷட்டரை முட்டி உயரத்துக்குத் தூக்கினேன். அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். குனிந்து உள்ளே போய்க் கைக்கு அகப்பட்ட பிராந்தியை எடுத்தேன். கைக்கெட்டும் இடத்தில்தானே வைத்திருந்தேன். வெளியே வந்து நிமிர்ந்தபோது லூயிஸ் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், கோயிலுக்குத் தாமதமாக. என் கையைப் பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை.

பிலவேந்திரன் மூலையில் உட்கார்ந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னை "அம்மா" என்று கூப்பிட்டார். அவருடைய அம்மா என்று நினைத்துக் கூப்பிட்டார். ஜெசிந்தா தாடையைப் பிடித்துக்கொள்ள, நான் மூடியில் ஊற்றி ஊற்றி அவர் வாயில் விட்டேன். பாதி சட்டையில் போயிற்று. புரை ஏறி இருமினார். அந்த நேரத்தில் கோயிலில் பாடுகளின் வரலாறு வாசித்துக்கொண்டிருப்பார்கள், சிலுவையில் ஆண்டவருக்குக் கடற்பஞ்சைக் காடியில் தோய்த்துக் கொடுத்த இடம் வந்திருக்குமோ என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் அவருக்கு உடம்பு வெட்டி இழுத்தது. கண் மேலே போய்விட்டது.

தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் சத்தம் கேட்டு நிறுத்தி, தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

டாக்டர் சின்னப் பெண். ஊசி போட்டு, கட்டிலோடு கட்டி, அடங்கியபிறகு வெளியே வந்தாள். "தினமும் குடிக்கிறவரா? எப்ப நிறுத்துனாரு?"

"செவ்வாக்கெழமை" என்றாள் ஜெசிந்தா.

"யாரு இப்படி ஒரேயடியா நிறுத்தச் சொன்னது?"

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு வருசம் குடிச்சவங்களுக்கு வீட்டுல வச்சு இப்படி நிறுத்தக் கூடாதும்மா. உயிருக்கே ஆபத்து. நிறுத்தணும்னு தோணுனா மொதல்ல இங்க கூட்டிட்டு வரணும். மருந்து கொடுத்து, படிப்படியாத்தான் கொண்டு வரணும்."

நான் பிராந்தி ஊற்றியதைச் சொன்னேன். "நினைவில்லாத ஆளு வாயிலயா? நுரையீரலுக்குப் போயிருந்தா?" என்றாள்.

கொடுத்ததும் தப்பு. கொடுக்காததும் தப்பு. இரண்டையும் நான்தான் செய்தேன்.

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை.

ஏப்ரல் 6

பிலவேந்திரனுக்கு நினைவு வந்துவிட்டதாம். இன்னும் சில வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டுமாம்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் மறுபடி, "காலை" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போனேன். தலையை வேகமாக ஆட்டினார். நல்ல கையைத் தூக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சமாக இடைவெளி விட்டுக் காட்டினார். பிறகு ஜன்னல் பக்கம், வெயில் வருகிற பக்கம் காட்டினார். காலை.

கடைக்குப் போய்த் தனபாலைக் கேட்டேன். "ஆமா அண்ணி. அண்ணே அவருக்குக் காலையில ஒரு கட்டிங், அரைக் குவாட்டர், கொடுப்பாரு. சாயங்காலம் ஒண்ணு. மேல கேட்டாக் கொடுக்க மாட்டாரு. வேற எங்கயும் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருந்தாரு."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பாவம்னு சொன்னீங்க. நான் என்னத்தச் சொல்றது? அண்ணே ஏன் அப்படிச் செஞ்சாருன்னு எனக்கும் தெரியாது."

இவர் செய்தது சரியா? ஒரு மனிதனைச் சாகவிடாமல் தினமும் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தாரா, இல்லை காப்பாற்றிக்கொண்டிருந்தாரா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று இவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தும் இதை என்னிடம் ஒரு நாள் சொன்னதில்லை.

ஏப்ரல் 7

கிளமெண்ட் சாமி வீட்டுக்கு வந்தார். இவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ஆண்டவர் உயிர் விட்ட நேரத்துல கடையத் திறந்து வியாபாரம் பண்ணுனீங்கன்னு பேரவையில பேச்சு."

நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

"தண்ணி ஊத்துனப்ப கால் நடுங்குச்சும்மா" என்றார். "நான் சந்தோஷப்பட்டேன். மனந்திரும்புன கால்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி அத டைரியில கூட எழுதினேன்."

"நானும் எழுதினேன் சாமி."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை பிரசங்கத்துல நடந்ததைச் சொல்லிடுறேன். உங்க மேல தப்பில்லன்னு சொல்றேன்."

"எம் மேல தப்பில்லையா சாமி?"

அவர் காபியைக் கீழே வைத்தார். குருமடத்தில் படித்த புத்தகத்தில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அடுத்தவர் பாவத்துக்குத் தெரிந்து உதவுவது, தெரியாமல் உதவுவது, நெருங்கிய உதவி, தூரத்து உதவி என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார்களாம். "பரீட்சையில நல்லாத்தான் எழுதினேன்" என்றார்.

ஏப்ரல் 10

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெசிந்தாவோடு உட்கார்ந்திருந்தேன். சாமி பிரசங்கத்தில் சொல்லப்போவதைச் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள்.

"சத்தியத்தை மீறிக் குடிச்சவன்னு ஊரு சொல்லும் டீச்சர். நீங்க ஊத்துனதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. டெல்பின் ஸ்கூலுக்குப் போகணும்."

சரி என்றேன். அப்படியானால் லூயிஸ் நினைத்த மாதிரி, வியாபாரத்துக்குத்தான் கடையைத் திறந்தேன் என்று இருக்கட்டும். மறைக்கல்வி வகுப்பை நானே விட்டுவிடுகிறேன், கடையையும் வைத்திலிங்கத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கடையைச் சொன்னதும் ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கடையக் கொடுக்காதீங்க."

"நீதானே அன்னைக்கு..."

"சொன்னேன். உங்ககிட்ட வந்து சொல்ல முடிஞ்சுது. வைத்திலிங்கம் கடையில போய் எங்க வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீங்கன்னு நான் யார்கிட்ட சொல்வேன்? கவுண்டர்ல இருக்குற பையனுக்கு இவரு மூஞ்சி கூடத் தெரியாது."

இது கடவுள் எனக்குக் காட்டுகிற வழியா, நான் கேட்க ஆசைப்பட்டதை ஒரு வாய் சொல்லிவிட்டதா?

ஏப்ரல் 13

வைத்திலிங்கத்திடம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். இவர் படுத்திருக்கிறார், மருந்துச் செலவு இருக்கிறது, தனபாலுக்கும் குடும்பம் இருக்கிறது. காரணம் எல்லாம் சரியான காரணம்தான். இவரிடம் சொன்னபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார் என்று நினைக்கிறேன். வாய் கோணியிருப்பதால் சரியாகத் தெரியவில்லை.

வகுப்பை விட்டுவிட்டேன். கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவர் நடத்துகிறார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

புதுநன்மை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிலவேந்திரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். பாதியாக இளைத்துப்போயிருந்தார். டெல்பினுக்குப் பக்கத்தில் நின்றார். கை நடுங்கவில்லை. பூசை முடிந்ததும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் என் பக்கம் வரவில்லை. டெல்பின் ஓடி வந்து கேக் கொடுத்தாள். "டீச்சர், நீங்க ஏன் வரல? அந்த சிஸ்டர் ரொம்ப வேகமாப் பேசுறாங்க" என்றாள்.

கடைக்கு இன்று தாமதமாகத்தான் போனேன்.

மே 4

இன்று காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் பிலவேந்திரன் வந்தார். வேலைக்குப் போகிற உடை, தோளில் கருவிப் பை. முதலில் நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னார்.

"பெரிய வெள்ளி அன்னைக்கு எனக்காகக் கடையத் திறந்தீங்களாம். ஜெசிந்தா சொன்னா. நீங்க ஊத்தலேன்னா நான் இல்ல."

"ஊத்துனதால இல்லண்ணே. ஊசி போட்டாங்க."

"இருக்கட்டும்" என்றார். போகவில்லை. கவுண்டரில் இருந்த பில் கட்டை நேராக வைத்தார். பிறகு குரலைத் தணித்து, "படிப்படியாத்தான் நிறுத்தணும்னு டாக்டர் சொன்னாங்களாமே. ஒரேயடியா நிறுத்துனா உயிருக்கு ஆபத்துன்னு. ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு. ஒரு கட்டிங் மட்டும். அமலோர் அண்ணன் கொடுத்த மாதிரி" என்றார்.

அவர் சொல்வது நிஜமா, ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கையைப் பார்த்தேன். இந்த முறை சட்டைப்பைக்குள் இருந்தது. கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன, இரண்டையும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டேன். தனபால் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கையை வெளிய எடுங்கண்ணே" என்றேன். எடுத்தார். நடுங்குகிறதா இல்லையா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது.

தனபாலைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டுக் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தேன். "வாங்க, டாக்டர்கிட்டயே கேப்போம்" என்றேன்.

"வேலைக்கு நேரமாவுது..."

"நானும் வியாபாரத்தை விட்டுட்டுத்தான் வர்றேன்."

நடந்தோம். ஆட்டோ கூப்பிடத் தோன்றவில்லை. எதிர்க் கடையைத் தாண்டும்போது அவர் நடை மெதுவானது. நானும் மெதுவாக நடந்தேன். அங்கே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நின்றால் என்ன செய்வது என்று எனக்கு எதுவும் தெரியாது. கருவிப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். தாண்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஜெசிந்தாவுக்குப் போன் செய்து, அவள் வரும் வரை இருந்தேன். "நாளைக்கும் இப்படித் தோணுனா?" என்று அவர் கேட்டார். "நாளைக்கும் வாங்க. நாளைக்கும் நடப்போம்" என்றேன். அவரைப் போல எத்தனை பேரோடு நடக்க முடியும் என்று அவர் கேட்கவில்லை. திரும்பி வரும்போது நானே கேட்டுக்கொண்டேன்.

கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. தனபால் திணறிக்கொண்டிருந்தான். உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். முதலில் நின்றவர் முன்பின் பார்த்திராத ஆள். நல்ல சட்டை, கையில் ஸ்கூட்டர் சாவி. அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் எந்தப் படியில் நின்று என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்க வேண்டும். "என்னங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. என்ன வேணும்?"

சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.